செவிக்காவல்

செலஸ்டினா அரிவாள்மணையில் மீன் அறுத்தபடி பேசிக்கொண்டிருந்தாள். குழாயில் தண்ணீர் விழுவது ரொமால்டுக்குக் கேட்டது. கடல் ஏறிய பிறகு தூண்கள் மேல் கட்டிய தூத்துக்குடி இது. கீழே அந்தத் தூண்களில் அலை மோதுவதும் கேட்டது. மனைவியின் குரல் மட்டும் கேட்கவில்லை. குனிந்த முகத்தில் உதடுகள் அசைந்தன.

“திட்டு, நல்லாத் திட்டு. நமக்கு ஒண்ணும் விழாது,” என்று சிரித்தபடி காபியை உறிஞ்சினான்.

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். “தோசைக்குச் சட்னி அரைக்கவா, பொடி போதுமா?” அது தெளிவாகக் கேட்டது.

அவன் காதுகளுக்குள் மிளகளவு செவிக்காவல் இருந்தது. இரத்த அழுத்தம் வரம்பைத் தாண்டியவர்கள் அதை அணிந்தாக வேண்டும். மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறப்பவர்கள் பெருகிய காலத்தில் வந்த சட்டம். கேட்டால் அழுத்தம் எகிறும் என்று தோன்றுகிற பேச்சை அந்தக் கருவி முந்திக்கொண்டு விழுங்கிவிடும். திரையில் வரும் எழுத்தையும் அப்படியே மறைத்துவிடும். காகிதத்தில் எழுதிக் காட்டினால் காட்டியவருக்குச் சிறை. அழுத்தம் இறங்க இறங்கக் காவல் தளரும் என்று மாட்டும்போதே சொல்லியிருந்தார்கள்.

இறக்குவதற்கு மாத்திரை தந்திருந்தார்கள். ரொமால்டு அதைத் தினமும் வாஷ்பேசினில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவான். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. உடம்பு கல்லு மாதிரி இருந்தது. எதற்கு மாத்திரை? துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவனை, அழுத்தத்தைக் காட்டி இறக்கி மேசை வேலையில் உட்காரவைத்துவிட்டார்கள். அது ஒன்றுதான் குறை. மேலாளரின் வசவு விழுவதில்லை. சண்டைச் செய்தி, புயல் செய்தி எதுவும் வருவதில்லை. அந்த மௌனம் அவனுக்குப் பழகிவிட்டது. பிடித்தும் விட்டது.

மருத்துவ நிலையத்தில் நர்ஸ் முப்புடாதி பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றினாள். “வலிக்காது அண்ணாச்சி, அதான் இந்த நோயோட சூதே. மாத்திரையத் தெனமும் போடாட்டி உங்க...” அதற்குப் பிறகு அவள் வாய் மட்டும் வெகுநேரம் அசைந்தது. கடைசியில், “புரிஞ்சுதா?” என்றாள்.

“நல்லாப் புரிஞ்சுது தாயி.”

ஒரே மகன் ஜோவின் மாலத்தீவுக்கு அப்பால் கடலடி நிலையத்தில் வேலை பார்த்தான். அவனைப் பற்றி எப்போது கேட்டாலும் செலஸ்டினாவின் பதில் ஊமையாகவே வந்தது. யாரையோ கட்டிக்கொண்டான் போலிருக்கிறது என்று ரொமால்டு தானாகவே ஒரு கதை கட்டினான். அந்தக் கதையை நம்பிக் கோபமும் பட்டான். “அப்பன மதிக்காதவன் பேச்சு எனக்கெதுக்கு?” என்று கேட்பதையே நிறுத்திவிட்டான்.

ஒருநாள் அவள் பேசும்போது கண்ணீர் சொட்டி மீன் தட்டில் விழுந்தது. அவள் துடைக்கக்கூட இல்லை. மாத்திரை போடாததற்குத் திட்டுகிறவள் எதற்கு அழ வேண்டும்? அவளுக்குத்தான் ஏதோ நோயோ? அந்தப் பயம் அவனை விடவில்லை. அவள் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும் என்றிருந்தது.

மறுநாள் முதல் மாத்திரையை விழுங்கினான். கருவாட்டை ஒதுக்கினான். ஊறுகாய்ப் பக்கம் திரும்பவில்லை. அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

காவல் தளர்ந்தபோது முதலில் வந்தது முப்புடாதியின் குரல். “உங்க கிட்னி பாதி போச்சு அண்ணாச்சி. கண்ணு நரம்புலயும் ரத்தம் கசிஞ்சிருக்கு. எத்தன தடவ சொல்லிட்டேன்!”

ஆனாலும் வீட்டுக்கு நடக்கையில் ஒரு நிம்மதி. இதற்காகத்தான் அழுதிருக்கிறாள். அவளுக்கு ஒன்றுமில்லை. மாத்திரையை விடாமல் போட்டான்.

பிறகொரு காலை, அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் காபி டம்ளரோடு வந்து எதிரே உட்கார்ந்தான்.

“சிலுவைக்குப் பக்கத்துல நித்தியகல்யாணி நட்டேன்லா, பூத்துட்டு. வெறுங்குழிதான். உள்ள அவன் சட்டையத்தான வச்சோம். இருந்தாலும் ஜோவினுக்கு அந்த நெறம் பிடிக்கும்...”

குரலில் அழுகை இல்லை. கடைக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோல் இருந்தது. டம்ளரைக் கீழே வைக்க ரொமால்டுக்கு இடம் தெரியவில்லை.

“எப்ப?” என்றான்.

கீரைக்கட்டு அவள் கையிலிருந்து விழுந்தது. எழுந்து வந்து முதலில் அவன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள்.

“கேட்டுதா? ஐயோ மாதாவே, கேட்டுதா உங்களுக்கு?”

“பயப்படாத, மாத்திர போடுதேன். எப்ப, செலஸ்?”

“போன மழைக்கு முந்துன மழையில. நிலையத்துக்குள்ள தண்ணி புகுந்துட்டு. ஒருத்தரும் மேல வரல.”

அத்தனை காலமும் மகன்மேல் கோபமாக இருந்ததை அவன் நினைத்துப்பார்த்தான். கடலோசை கேட்டுக்கொண்டே இருந்தது.

“மொதல்லருந்து சொல்லு,” என்றான். “எல்லாத்தையும் சொல்லு.”

அவள் வெகுநேரம் பேசவில்லை. இந்தமுறை அது கருவியின் வேலை அல்ல.

“சொல்லிட்டேனே,” என்றாள். “சேதி வந்தது, நீங்க வேலைக்குப் போன நேரத்துல பூசை வச்சது, கடைசியாப் பேசும்போது அவன் உங்களக் கேட்டது, எல்லாத்தையும் உங்க முன்னால உக்காந்துதான் சொன்னேன். தெனமும் சொன்னேன். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லங்க.”

ரொமால்டு முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள், யார் வீட்டுத் துக்கத்துக்கோ வந்திருப்பவளைப்போல.