அசைந்தவை மட்டும்

மதியம் மூன்று பத்துக்கு மூன்றாவது கணினியும் கைவிரித்தது.

கிடங்கில் வேலை பார்த்த தம்பி காணாமல் போய் நான்கு நாள். அவனைக் கடைசியாகப் பார்த்தது கிடங்கின் கேமராதான். அந்தப் பதிவைச் சாதாரண வீடியோவாக்கி ஐந்து மணிக்குள் கொடுக்காவிட்டால், 'தானாகவே போய்விட்டான்' என்று எழுதி மூடிவிடுவதாகக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு வீடியோ எடிட்டிங்தான் பிழைப்பு. இருந்தும் என்ன? கேமரா கம்பெனி பதிவைத் தன் சொந்தக் கோடெக்கில், படத்தைச் சுருக்கிப் பதியும் தனி முறையில், பூட்டி வைத்திருந்தது. விண்டோஸ் கணினியில், தம்பி நடைவழித் தூணை நெருங்கியதும் படம் உறைந்தது. ஒவ்வொரு முறையும் அங்கேயே. லினக்ஸில் பச்சைப் பட்டைகள். மேக்கில் சத்தம் மட்டும், ஈரக் கல்லை இழுப்பது போன்ற நீண்ட உரசல்.

கிடங்குக் காவலாளி போன் செய்தார்.

"படம் ஓடுச்சா தங்கச்சி?"

"எங்கண்ணே ஓடுது. மூணு மெஷினும் மூணு பக்கம் இழுக்குது."

"என் மருமகனுங்க மாதிரி." சிரித்தார். "நிதானமா பாரு. நான் இங்க நடைவழித் தூணுல சாஞ்சு கிடக்கேன். இந்த வெயிலுக்குக் குளுகுளுன்னு இருக்கு."

வைத்துவிட்டாள். எரிச்சலில் கண் கரித்தது.

இந்த மாதிரி கோடெக் எப்போதாவது ஒருமுறைதான் காட்சி முழுவதையும் ஒரு முழுப்படமாகப் பதியும். அடுத்த முழுப்படம் வரை அசைந்ததை மட்டும் பதியும். சுவரையும் தரையையும் திரும்பத் திரும்ப எழுதாது. கெட்டுப்போயிருந்தது அந்த முழுப்படம்தான். காலையிலிருந்து அதைச் சரிசெய்யப் போராடியதை நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள். அந்த முழுப்படத்தையே தூக்கி எறிந்தாள். அசைந்தவை மட்டும் வரட்டும். தம்பி நடந்தானே, அது போதும்.

திரை சாம்பலானது. சுவர் இல்லை. தரை இல்லை. வெறும் சாம்பலில் தம்பி நடந்து வந்தான்.

தூண் இருந்தது.

அசையாதது இதில் தெரியாது.

மறுபடி ஓட்டினாள். தூண் இருந்தது. மெல்ல அகன்றது. செருப்பைச் சரிசெய்யத் தம்பி அதில் சாய்ந்தான். முதலில் தோள் உள்ளே போனது. பிறகு கழுத்து. முகம். கை மட்டும் சிறிது நேரம் காற்றைப் பிடித்தது.

தூண் பழைய அளவுக்கு ஒடுங்கியது.

காவலாளியை அழைத்தாள். நான்காவது மணியில் எடுக்கப்பட்டது. மறுமுனையில் ஈரக் கல்லை இழுப்பது போன்ற நீண்ட உரசல்.

"அண்ணே, அந்தத் தூண விட்டு எந்திரிங்க."