துணைக்கு ஒரு வாய்

“காலையில ரெண்டு இட்லி... மத்தியானம் ஒரு கரண்டி சோறு, கீரை... ராத்திரி ரெண்டு சப்பாத்தி! இன்னாம்மா இது? இதைத் துன்னுட்டா ஒருத்தருக்கு மூணு கிலோ ஏறும்?”

சாம்சனுக்கு அன்று வார லீவு. நோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நின்று அவன் வாசித்த வாசிப்பு, பென்னலூர்த் தெருக்கோடிக் குழாயடி வரைக்கும் கேட்டது. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றாமல் அப்படியே நின்று காது கொடுத்தாள். ஒரு மனுஷி சாப்பிட்டதைச் சந்தி சிரிக்க வாசிப்பதைப் போல ஒரு அவமானம் உண்டா? அதுவும் பெற்ற பிள்ளை வாசிப்பது! கிளியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்பங்கரைச் சுவரோடு ஒண்டிக்கொண்டாள்.

“நேத்து டாக்டரம்மா கேக்குறாங்க, ‘நோட்டுல ஒண்ணுமே இல்லியே, அப்புறம் ஏன் எடையும் ஏறுது, சுகரும் ஏறுது’ன்னு. எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம்னு கீது. மாத்திரையை டபுள் பண்ணிட்டாங்க! யாருக்கும் தெரியாம எடுத்து எடுத்துத் துன்னுட்டு, நோட்டுல நல்லவ மாதிரி எழுதி வெக்கிறியா?”

“உடுடா... காலங்காத்தால இன்னாத்துக்கு இந்தச் சத்தம்?” என்றார் யாக்கோபு. கம்பெனி வாசலில் ராத்திரி செக்யூரிட்டி டியூட்டி பார்த்துவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். மனைவி பொய் சொல்ல மாட்டாள் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். தூக்கக் கலக்கம், சொல்லவில்லை.

மருமகள் ஷெர்லின் கதவோரம் நின்றாள். என்னவோ சொல்ல வாயெடுத்தவள், புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த நோட்டை வாங்கி வந்தவனே சாம்சன்தான். ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் அவன் ஆபரேட்டர். “லைன்ல ஒவ்வொரு பீசையும் எழுதுறோம்மா. எழுதுனாதான் கோளாறு எங்கேன்னு தெரியும். நீயும் வாயில போடுறதை எல்லாம் எழுது” என்று சொல்லிக் கொடுத்தான். ஐந்தாங்கிளாஸ் படித்தவள் கிளியம்மாள். ஜெபம் பண்ணுவதற்கு முன்னால் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுத்துக்கூட்டி எழுதினாள்.

முதலில் அவள் பொய் எழுதவில்லை. தனக்கென்று தட்டு வைத்து, தனக்கென்று பரிமாறி, உட்கார்ந்து சாப்பிட்டது எதுவோ அதை எழுதினாள். சாப்பாடு என்றால் அவளுக்கு அதுதான். மற்றதெல்லாம் சாப்பாடா?

அந்த வீட்டில் மூன்று பேருக்கு மூன்று ஷிப்ட். விடியற்காலையில் பஸ் பிடிக்க ஓடும் சாம்சனுக்குத் தனியாக உட்கார்ந்தால் தோசை இறங்காது. “நீயும் ஒண்ணு துன்னும்மா, அப்போதான் நானும் துன்னுவேன்” என்பான். சின்னப் பிள்ளையிலிருந்து அந்தப் பழக்கம். அவன் போனதும் யாக்கோபு வருவார். ராத்திரி முழுக்க ஒற்றையாய் உட்கார்ந்திருந்த மனுஷன், “ஏ கிளி, உனக்கும் ஒரு தட்டு எடு” என்பார். எடுக்காவிட்டால் கோபம் வரும்.

அப்புறம் ஷெர்லின். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து செல்போன் கம்பெனி வேலைக்கு வந்து, சாம்சனை விரும்பிக் கட்டிக்கொண்டவள். செகண்ட் ஷிப்ட் முடிந்து அவள் வரும்போது ஊரே அடங்கியிருக்கும். வந்த புதிதில், மாமியார் வீட்டில் அந்த நேரத்துக்குத் தனியாக உட்கார்ந்து சாப்பிட வெட்கப்பட்டு, “பசிக்கல மாமி” என்று தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவாள். அது தெரிந்த நாளிலிருந்து கிளியம்மாள் இரண்டு தட்டு வைத்தாள். “எனக்கும் பசிக்கிது, வா” என்று பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்து தின்றாள். துணைக்கு ஒரு வாய். அந்த ஒரு வாய் ஒரு நாளைக்கு மூன்று முழுச் சாப்பாடாகிவிடும் என்று யார் கண்டது?

தராசு முள் ஏறியபோதுதான் கிளியம்மாளுக்கு உறைத்தது. எழுதிவிடலாம் என்று பென்சிலை எடுத்தாள். ‘ராத்திரி ஷெர்லினோடு சோறு’ என்று எப்படி எழுதுவாள்? அந்தப் பெண்ணை அல்லவா சாம்சன் கேள்வி கேட்பான்! பிள்ளையையும் புருஷனையும் மருமகளையும் டாக்டர் முன்னால் காட்டிக்கொடுப்பதுபோல் இருந்தது. கூடவே இன்னொரு வெட்கம்... இத்தனை சோறா ஒரு பொம்பளை தின்பாள்? பென்சிலை வைத்துவிட்டாள்.

இப்போது ஊருக்கே தெரிந்து போயிற்று, அவள் திருட்டுத் தீனி தின்கிறவள் என்று.

சரி, நோட்டில் இருப்பதைத் தவிர ஒரு பருக்கை தொடுவதில்லை என்று வைராக்கியம் வைத்தாள். மறுநாள் விடியற்காலையில் சாம்சன் எதிரே உட்காரவில்லை. கோபத்தில் அவனும் கூப்பிடவில்லை, பாதித் தோசையை விட்டுவிட்டுப் போனான். யாக்கோபிடம், “வயிறு சரியில்லை, நீ துன்னு” என்றாள். இரவு ஷெர்லினுக்குச் சோற்றை மூடி வைத்துவிட்டுத் தூங்குவதுபோல் படுத்துக்கொண்டாள். டபுள் மாத்திரையை மட்டும் ஒழுங்காக விழுங்கினாள்.

அடுத்த நாள் காலை அடுப்பைப் பற்ற வைத்தவளுக்குக் கை நடுங்கியது. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. யாக்கோபு செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே தடாலென்று சத்தம் கேட்டது.

“ஐயோ மாமி! என்ன செய்யுது? கண்ணைத் திறங்க மாமி!”

ஷெர்லின்தான் சர்க்கரையைக் கரைத்து வாயில் ஊட்டினாள். ஆட்டோவில் ஏற்றி, ஸ்ரீபெரும்புதூரில் டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சூப்பர்வைசர் சேதி சொல்ல, சாம்சன் யூனிபார்மோடு லைனிலிருந்து ஓடி வந்தான். கையில் குளுகோஸ் ஏறிக்கொண்டிருக்க, கிளியம்மாள் கண்ணை மூடியபடி படுத்திருந்தாள். நினைவு இருந்தது. கண்ணைத் திறந்து அவர்கள் முகத்தைப் பார்க்கத்தான் வெட்கமாக இருந்தது.

“நோட்டை நம்பி மாத்திரையைக் கூட்டினேன்” என்றார் டாக்டரம்மா கோபமாக. “இவங்க நிறைய சாப்பிட்டுக்கிட்டிருந்திருக்காங்க, இப்ப திடீர்னு நிறுத்தியிருக்காங்க, கூட்டின மாத்திரையில சுகர் அடியோட இறங்கிடுச்சு. நானும் உங்களை எல்லாம் கேட்டிருக்கணும். உயிர் போயிருக்கும் தெரியுமா? அந்தச் சாப்பாடெல்லாம் ஏன் எழுதல?”

“ஏம்மா இப்படிப் பண்ண... உண்மையைச் சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு?” சாம்சன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

“அவியள ஒண்ணும் கேக்காதீங்க அத்தான்!” ஷெர்லின் வெடித்தாள். “என்னைக் கேளுங்க! ராத்திரி நான் வெக்கப்பட்டுப் பட்டினியா படுக்கக் கூடாதுன்னு, பசியே இல்லாம எங்கூட உக்காந்து சாப்பிட்டாவ. அன்னைக்கு நீங்க கத்தும்போதே சொல்லியிருக்கணும்... பயந்துட்டு நின்னேன். என்னாலதான் இவ்வளவும்!”

சாம்சன் மெல்லத் தகப்பனைத் திரும்பிப் பார்த்தான். யாக்கோபு தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

“எனக்கும் அவ தட்டு எடுத்தாதான்...” என்று ஆரம்பித்தவர், தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

விடியற்காலைத் தோசை சாம்சனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கட்டில் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். “அம்மா... நான்தான்மா... நானே துன்ன வெச்சிட்டு, நானே தெருவுக்குக் கேக்குற மாதிரி... ஐயோ, இன்னா பாவம் பண்ணேன்!” அவள் பாதத்தில் முகத்தை வைத்துக் குலுங்கினான்.

“எழுதக் கை வரலைடா...” கிளியம்மாளின் கண் ஓரமாய் நீர் வழிந்தது. “உங்க பேரை எல்லாம் அதுல எழுதுனா, உங்களால நான் கெட்டேன்னு ஆயிடும் இல்லே? அதுக்கு நானே திருடின்னு இருந்துட்டுப் போறேன்னு வுட்டுட்டேன்.”

டாக்டரம்மா குரலைத் தணித்துக்கொண்டார். “அது கெடக்கட்டும்மா. இத்தனை வேளையில, உங்களுக்குப் பசிச்சு நீங்க சாப்பிட்டது எந்த வேளை?”

கிளியம்மாள் யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் ஒரு வேளைகூட நினைவுக்கு வரவில்லை. பாடம் படிக்காத பிள்ளை மாதிரி விழித்தாள். அதைப் பார்க்க முடியாமல் யாக்கோபு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஷெர்லின் குனிந்து மாமியாரைக் கட்டிக்கொண்டாள். “இனிமே ராத்திரி நான் சாப்பிட்டுக்கிடுதேன் மாமி. வெக்கமெல்லாம் பட மாட்டேன். நீங்க சும்மா பக்கத்துல இருந்தா போதும்.”

அவள் முதுகைத் தடவிக்கொடுத்த கிளியம்மாள், தயங்கித் தயங்கி, “டேய் சாம்சா... எனக்குப் பசிக்கிதுடா” என்றாள்.

சாம்சன் எழுந்து ஓடினான். எதிர் ஓட்டலில் இட்லிப் பொட்டலம் வாங்கி வந்து பிரித்து, அம்மாவை நிமிர்த்தி உட்கார வைத்து மடியில் வைத்தான். மூன்று பேரும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தவர்கள். “நீங்களும் ஆளுக்கு ஒரு வாய்...” என்று அவள் பழக்கத்தில் பிட்டு நீட்டினாள்.

“வேணாம்மா. நீ துன்னு” என்றான் சாம்சன். அவள் முதல் வாயை விழுங்கும்வரை மூவரும் கை கட்டி, கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.