பலகையில் வீரய்யா

மூன்று தரம் அடிக்க வேண்டும். ஒரு தரந்தானே அடித்தது. அப்படியென்றால் இது நம் கொட்டகை லொறி இல்லை. இல்லவே இல்லை.

நல்லம்மா தனக்குள் இப்படிச் சொல்லிக்கொண்டாலும் வெண்கட்டி பிடித்த கை மேசையை விட்டு எழும்பவில்லை. மகாவலி ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த அந்த ஹோர்ன் சத்தம், இழுப்பு நோய்க்காரன் இருமுவதைப் போலக் கரகரத்தது. ரப்பர்க் குமிழில் ஓட்டை விழுந்து, சைக்கிள் டியூப் துண்டு ஒட்டியிருந்தால் அப்படித்தான் கரகரக்கும். அந்தத் துண்டைப் புருஷனுக்கு வெட்டிக் கொடுத்தவளே அவள்தான்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே இருந்த அந்த லொறிக் கொட்டகையில் அன்று அவளுக்கு முதல் நாள். ஐந்தாம் வகுப்பு படித்தவளுக்கு ஏற்ற வேலைதான். எந்த லொறி எந்தத் தோட்டத்துக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றப் போகிறது என்று துண்டு எழுதிக் கொடுப்பாள். போகிறவன் பெயரைக் கரும்பலகையில் எழுதுவாள். திரும்புகிற லொறி மூன்று தரம் ஹோர்ன் அடித்துக்கொண்டு உள்ளே வந்து நின்ற பிறகுதான் ஈரத்துணியால் பெயரை அழிக்க வேண்டும். பெயர் பலகையில் இருக்கும்வரை ஆள் ரோட்டில் இருக்கிறான் என்பது டிரைவர்மாரின் நம்பிக்கை.

காலையில் அவள் வந்தபோதே பலகையில் ஒரு பெயர் இருந்தது. வீரய்யா. அவள் புருஷன். ஏழாம் நம்பர் லொறியோடு பாலத்து இறக்கத்திலிருந்து ஆற்றில் விழுந்து நாற்பது நாளாகியிருந்தது. உடம்பு கிடைத்தது. லொறி இன்னும் மணலுக்கடியில்தான் கிடக்கிறது.

“பிள்ளை, அந்தப் பேரை அழிச்சுப்போட்டு வேலையைத் தொடங்கும்” என்றார் முதலாளி சுந்தரலிங்கம். யாழ்ப்பாணத்து மனிதர். சொல்லும்போது பலகையைப் பார்க்கவில்லை. நல்லம்மா துணியை நனைத்தாள். ஆனால் கை போகவில்லை. எழுத்தின் ஓரங்கள் ஏற்கெனவே ஈரமாக இருந்தன.

மறுநாள் காலை துண்டு வாங்க வந்த மடவளை றவூப், “கிளாக்கரம்மா, குழியில்லாத ரோடாப் பாத்து எழுதுங்க” என்று சிரித்தான். பலகையைக் கண்டதும் அவன் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பெயரை முதலாளி எத்தனையோ தரம் துடைத்துவிட்டாராம். விடிந்தால் திரும்பவும் நிற்குமாம். அதைக் கண்டுதான் பழைய கிளாக்கர் வேலையை விட்டுப் போனாராம். றவூப் குரலைத் தாழ்த்தினான்.

“பிரேக் புடிக்கிதில்லண்டு வீரய்யா சொன்னான் தங்கச்சி. கிளாக்கர் பேர எழுத ஏலாண்டுட்டார். ஆறு மணி ரயிலுக்குப் பெட்டி போகோணுமே. மொதலாளி வெண்கட்டியப் புடுங்கி அவர்ர கையாலயே எழுதினார்.”

நல்லம்மா பலகையை உற்றுப் பார்த்தாள். ‘ய்யா’வின் வால் இடப்பக்கம் சுழிந்திருந்தது. அவளுக்கு வேலை கொடுத்த கடிதத்திலும் அதே சுழி. மரண விசாரணையில் வீரய்யா குடித்திருந்தான் என்று சொன்னவர் இந்த மனிதர்தான். சாராயம் மணத்தாலே குமட்டுகிறவனை. இரக்கப்பட்டு வேலை கொடுத்தார் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்? பெண்சாதியின் கை பட்டால் பெயர் அழியும் என்று நினைத்திருக்கிறார். பெயர் அழிந்தால் வந்தவன் போய்விடுவான். பொய் மட்டும் நிற்கும்.

அன்று மாலை ஹோர்ன் இரண்டு தரம் கேட்டது. பாலத்தின் நடுவிலிருந்து. பாலத்துப் பலகைகள் அதிர்ந்தன. எட்டிப் பார்த்தாள். பாலத்தில் ஒரு மாட்டு வண்டி மட்டும் நின்றிருந்தது; மாடுகள் முன்னால் நகராமல் தலையை உதறிக்கொண்டிருந்தன. அவள் உள்ளங்கை வியர்த்து வெண்கட்டி கரைந்தது. பயத்தில் பல் கிட்டியது. ஆனாலும் அந்தப் பயத்துக்குள் கங்கு மாதிரி வேறொன்று கிடந்து கனன்றதை அவள் உணர்ந்தாள். அவன் தன்னைத் தேடி வரவில்லை.

மூன்றாம் நாள் பகல் முழுக்க மழை. நான்கு மணிக்கெல்லாம் ஆற்றுப் பக்கமிருந்து மூட்டம் ஏறி வந்து கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டது. அதோடு ஒரு வாசனையும் வந்தது. பெட்ரோலும் சேறும், அவற்றுக்கு மேலாக, நாட்கணக்கில் தண்ணீரில் ஊறிப் புளித்த தேயிலையும். முதலாளி குடையும் செருப்பும் சொட்டச் சொட்ட உள்ளே ஓடி வந்தார். தன் சட்டைக் கையால் பலகையைத் துடைத்தார். பெயர் மறைந்தது. கறுப்பில் ஈரம் கசிந்தது. வீரய்யா. மறுபடியும் துடைத்தார். வீரய்யா.

ஹோர்ன்.

ஒன்று. இரண்டு.

மூன்று. வாசலில்.

என்ஜின் சத்தம் இல்லை. தண்ணீர் வடிகிற சத்தம் மட்டுந்தான். மூட்டத்துக்குள்ளிருந்து லொறியின் மூக்கு வந்தது. விளக்குக் கண்ணாடிக்குள் மணல். இடப்பக்கக் கதவு தானாகத் திறந்தது. சீற்றிலிருந்து பழுப்புத் தண்ணீர் கொட்டியது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. ஆனாலும் அது மெதுவாக, பழகிய கை திருப்புவது போல, திரும்பிக்கொண்டிருந்தது.

முதலாளியின் கால்கள் நகர்ந்தன. அவர் நடக்கவில்லை. செருப்புகள் ஈர மண்ணில் இரண்டு கோடு கிழித்துக்கொண்டு கதவை நோக்கிப் போயின. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். நகங்கள் வெளுத்தன.

“பிள்ளை. அழிச்சு விடும். உம்மட கையால. அவன் குடிக்கேல்லை எண்டு கோர்ட்டில சொல்லுறன். அழிச்சு விடும்.”

நல்லம்மா எழுந்தாள். வெண்கட்டியை எடுத்தாள். எழுத்து நடுங்கவில்லை. வீரய்யாவுக்குக் கீழே, போகிற ஆளின் பெயரை எழுதினாள். சுந்தரலிங்கம்.

மேசையிலிருந்து ஒரு விரல் விட்டது. அடுத்தது. வாய்க்குள் தண்ணீர் புகுந்தவனைப் போல அவர் கொப்புளித்துக்கொண்டே கேட்டார். ரெண்டு பேரையும் அழிச்சு விடும், ரெண்டு பேரையும்.

அவள் ஈரத்துணியை எடுத்தாள். பிழிந்தாள். ஆணியில் மாட்டினாள்.

“போன ஆளு திரும்பி வந்தப்புறந்தாங்க மொதலாளி, பேர அழிக்கிறது.”