அப்பா கழுத்தில் இஞ்சு டேப்

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். வாளித் தண்ணீர் பரவாயில்லை. ஆனால் நாங்கள் விடுமுறைக்கு வந்திருந்த விடுதியின் நீச்சல் குளம் நீலமாக, சத்தமே போடாமல் கிடந்தது.

"அப்பா, இது குழந்தைங்களுக்குச் சரிப்படுமா?"

"விடுதி போட்டிருந்த படத்தைப் பார்த்துட்டுதானே வந்தோம்? எல்லாப் படத்துலயும் குழந்தைங்கதான் சிரிக்குதுங்க," என்றார் அப்பா.

"அக்கா ஒரு பயந்தாங்கொள்ளி!" என்று குதித்தான் என் தம்பி வாண்டு. அவனுக்கு ஐந்து வயது. தரையும் தண்ணீரும் அவனுக்கு ஒன்றுதான்.

அப்பா, அம்மா இருவருமே தையல்காரர்கள். வருடம் முழுக்கக் கடையே கதி. அங்கே ஒரு வழக்கம் உண்டு. இஞ்சு டேப் யார் கழுத்தில் தொங்குகிறதோ, அவர்தான் கடைக்குப் பொறுப்பு. அதைக் கழற்றி அடுத்தவர் கழுத்தில் போட்ட பிறகுதான் டீ குடிக்கக்கூடப் போவார்கள்.

இன்று யார் கழுத்திலும் டேப் இல்லை.

வாண்டு ஆழமில்லாத பக்கத்தில் இறங்கினான். நான் கரையில் உட்கார்ந்து கால் கட்டைவிரலை மட்டும் நனைத்தேன். அப்பா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். அம்மா பக்கத்தில் இருந்த பெண்ணின் ஜாக்கெட் தையலை ஆராய ஆரம்பித்தார். விடுமுறையிலும் தையல்தான்!

வாண்டு மெல்ல மெல்ல நகர்ந்தான். தண்ணீர் அவன் இடுப்புக்கு வந்தது. பிறகு நெஞ்சுக்கு வந்தது. அடித்தரை சரிவாகப் போகிறது என்பது மேலிருந்து பார்த்தால் தெரியவே இல்லை.

"வாண்டு, போதும்டா. வந்துடு!"

அவன் திரும்பிச் சிரித்தான். அடுத்த நொடி தலையைக் காணோம். ஒரு சத்தமும் இல்லை.

'அம்மா' என்று கத்தப் பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது. குதிக்கலாமா? எனக்கும் நீச்சல் தெரியாதே!

சுவரோரம் இலை அள்ளும் நீளக் கம்பு சாய்ந்திருந்தது. ஓடிப்போய் எடுத்தேன். குப்புறப் படுத்துக்கொண்டு தண்ணீருக்குள் நீட்டினேன். கம்பு எதன் மேலோ பட்டது. சின்ன விரல்கள் அதை இறுக்கிப் பிடித்தன. இழுத்தேன். அப்போதுதான் குரல் வந்தது.

"அப்பா!"

அப்பா சட்டையோடு குதித்து அவனைத் தூக்கினார். வாண்டு இருமினான். பிறகு ஊருக்கே கேட்கும்படி அழுதான். அந்த அழுகை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது!

"நீ பார்த்துக்குவேன்னு நினைச்சேன்," என்றார் அப்பா, அம்மாவிடம்.

"நான் நீங்கன்னு..." அம்மா வாண்டுவை இறுக்கிக் கட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நீ எப்படிடி கவனிச்சே?"

"பயமா இருந்துச்சும்மா. அதான் கண்ணை எடுக்கவே இல்ல."

அம்மாவின் கைப்பையைத் திறந்தேன். நினைத்தது சரிதான். எங்கே போனாலும் அம்மா டேப்பை விடமாட்டார். அதை எடுத்து அப்பாவின் ஈரக் கழுத்தில் போட்டேன்.

"அம்மா கழுத்துல போடுற வரைக்கும் நீங்கதான் பொறுப்பு."

அப்பா நாற்காலியைக் குளத்தின் விளிம்புக்கே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மாலையில் நானும் வாண்டுவும் முதல் படியில் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்றோம். அவன் என் விரலை விடவே இல்லை. இரண்டு பிள்ளைகளோடு வந்த ஓர் ஆன்ட்டி என்னிடம் கேட்டார்.

"பாப்பா, இந்தக் குளம் குழந்தைங்களுக்குச் சரிப்படுமா?"

"உங்க பசங்களை யார் பார்த்துக்குவாங்க, ஆன்ட்டி?"

"நாங்க எல்லாரும்தான்."

"அப்போ சரிப்படாது," என்றேன். "யாராவது ஒருத்தரைச் சொல்லுங்க."

பின்னால் அப்பா, கழுத்து டேப்பை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.