ஜில்லிட்ட கை

"ஐயோ... என்னைய விட்டுட்டுப் போயிட்டியளே!"

பரிபூரணத்தின் அலறலில் அந்த ராஜபாளையம் தெருவே திரண்டு வந்துவிட்டது.

கட்டிலில் அவள் கணவர் சங்கரலிங்கம். பேண்டேஜ் துணி ஃபேக்டரி முதலாளி. மூக்கில் பஞ்சு. தாடையில் கட்டு. கைக் கட்டைவிரல்கள் ஒரு கட்டு, கால் கட்டைவிரல்கள் ஒரு கட்டு. எல்லாம் சொந்த ஃபேக்டரித் துணி!

அந்தப் பிணம் யோசித்துக்கொண்டிருந்தது.

'இருமல் வந்தா தொலைஞ்சேன்!'

யோசனை கொடுத்தவர் இன்ஸ்பெக்டர் தவசிமுத்து. சங்கரலிங்கத்துக்கு வைத்த பாலைக் குடித்த நாய் நுரை தள்ளிச் செத்த மறுநாள்...

"அண்ணாச்சி, வெஷம் வச்சது யாருன்னு தெரியணும்னா நீங்க சாகணும்!"

"என்ன சொல்லுதீய?"

"ஒங்க குடும்பத்துல ஒரு பழக்கம் உண்டுல்லா? செத்தவர்ட்ட பகை இருந்தா, குளிப்பாட்டுமுன்ன கையப் புடிச்சு, காதுல மன்னிப்புக் கேட்டாகணும். இல்லாட்டி ஆவி விடாதும்பாவ. வெஷம் வச்சவன் கேக்காம இருப்பானா? நான் கதவுக்குப் பின்னால நிக்கேன்!"

"கையப் புடிச்சா சூடு தெரியுமே?"

கூட இருந்த டாக்டர் வேதசிரோமணி சிரித்தார். "நம்ம மெஷின்ல பழகுனது எதுக்காம்?"

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவரது கிளினிக். சங்கரலிங்கத்தின் ரத்தக் கொதிப்புக்கு மாசக்கணக்கில் பயிற்சி. விரலில் ஒயர். கை சூடானால் மெஷின் 'கீ...' என்று கத்தும். குளிர்ந்தால் முனகும். சித்திரை வெயிலை நினைத்தால் சூடு. மார்கழியில் ஐயனார் அருவியில் நிற்பதாக நினைத்தால்... ஜில்!

"எம் பொண்டாட்டிட்டயாச்சும் சொல்லிருதேன் சார்."

"மூச்! அவிய நெசமா அழணும். அப்பதான் ஊரு நம்பும்."

மூன்று பேருக்கும் ஒரே ஆள் மேல்தான் சந்தேகம். பரிபூரணத்தின் தம்பி சேதுபதி. ஃபேக்டரியை விட்டு விரட்டப்பட்டவன்.

இன்று காலை, திட்டப்படி டாக்டர் வந்தார். 'நெஞ்சுவலி' என்றார். உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்.

இதோ... காலடிச் சத்தம்!

சேதுபதி!

'அருவி... அருவி... மார்கழித் தண்ணி...'

"அத்தான்! கை ஐஸா கெடக்கே!" குனிந்தான். குரல் உடைந்தது. "தப்புப் பண்ணிட்டேன் அத்தான்... மன்னிச்சிரும்!"

விம்மிக்கொண்டே கொல்லைப்புறமாக ஓடினான்.

கதவுக்குப் பின்னாலிருந்து பூட்ஸ் சத்தம் துரத்தியது. "ஏலே... நில்லுலே!"

'சிக்கிட்டான் பய! இன்ஸ்பெக்டர் திரும்பி வந்ததும் எந்திரிச்சிர வேண்டியதுதான்!' சங்கரலிங்கத்துக்குச் சந்தோஷம் தாளவில்லை.

தெருவில் கொட்டுச் சத்தம். பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க, நீர்மாலைக்கு எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். வீடு வெறிச்சோடிப் போனது.

வளையல் சத்தம்.

பரிபூரணம் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்தாள்.

'பாவம் இவ. எந்திரிச்சதும் மொதல்ல இவட்ட சொல்லணும்.'

அவள் காதருகே குனிந்தாள்.

"கோவத்தோட போயிராதீய. பால்ல கலந்தது நாந்தான்."

என்னது!

"சுந்தரபாண்டியத்துல வச்சிருக்கவளுக்கு ஃபேக்டரிய எழுதப் போறீயன்னு கேட்டதும் வயிறு எரிஞ்சு போச்சு. அதத் தட்டிக் கேட்ட எந் தம்பிய வெரட்டிட்டிய. அவன் ஒங்கள வாய்க்கு வந்தபடி வஞ்சிட்டானாம், அதுக்கே அழுதுட்டுப் போறான். நான் எம்புட்டு அழணும்! நாய் குறுக்க வந்துருச்சு, பொறவு நெஞ்சுவலி முந்திக்கிருச்சு. ஆனாலும் நெனச்சது நெனச்சதுதான... மன்னிச்சிருங்க."

அருவி நின்றுபோனது.

சித்திரை வெயில் அடித்தது. உள்ளங்கை கொதித்தது.

'அருவி... ஐயனாரே, அருவி!'

வரவில்லை. நுரை தள்ளிய நாயின் வாய்தான் வந்தது.

அவள் விசும்பல் சட்டென்று நின்றது.

"கை... சுடுது?"

அவர் இமை துடித்தது. அதை அவள் பார்த்துவிட்டாள்.

கத்தப் பார்த்தார். தாடைக்கட்டு விடவில்லை. "ம்ம்...ம்ம்!" உதறினார். கட்டைவிரல் கட்டு இறுகியது.

அவள் எழுந்தாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள்.

தலையணையோடு திரும்பி வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஊரே அழுது முடிச்சாச்சு. இனிமே எந்திரிச்சா மரியாதையா இருக்காது... படுங்க!"