வெள்ளைத் தாளில் ஓடிய புள்ளிகள்

ஸ்ரீரங்கத்தில், அம்மாமண்டபம் சாலையில் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஹம்ஸா ஒரு துளசிச் செடியை வளர்த்தாள். அதன் பக்கத்தில் அடுத்த வீட்டு ஜென்சியின் ரோஜாத் தொட்டி இருந்தது. பள்ளியிலும் இருவருக்கும் ஒரே பெஞ்சுதான்.

ஹம்ஸாவுக்கு எதுவும் சுத்தமாக இருக்க வேண்டும். ஆற்றங்கரைக்கு வரும் வேன்கள் கிளப்பும் தூசு இலையில் படிந்தால் அவளுக்குப் பொறுக்காது. தினமும் காலையில் ஒரு பழைய துணியால் துளசி இலைகளை ஒவ்வொன்றாகத் துடைப்பாள். தண்ணீரை வேருக்கு மட்டும் ஊற்றுவாள்.

சித்திரை வெயில் ஏறிய ஒரு நாள் காலை, துளசி இலைகளில் வெளிறிய புள்ளிகள் தெரிந்தன. கொழுந்துகளுக்கு நடுவே மெல்லிய வலை படர்ந்திருந்தது. பெருமாளுக்குப் பறிக்க ஒரு நல்ல இலைகூட இல்லை.

ஜென்சியின் ரோஜாவிலும் ஒரு கிளை வெளிறியிருந்தது. ஹம்ஸா அதைப் பார்த்தாள். உடனே முடிவு கட்டி, அம்மாவோடு மாடிக்கு வந்திருந்த ஜென்சியிடம் திரும்பினாள்.

“உன் ரோஜாவுலேர்ந்துதான் என் துளசிக்கு வந்திருக்கு!”

துணி உலர்த்திக்கொண்டிருந்த ஜென்சியின் அம்மா செல்வமேரி திரும்பிப் பார்த்தார்.

“செம்பேனா இருக்கும்டி. சிலந்தி வகை, ரொம்பப் பொடிசு” என்றாள் ஜென்சி. “இலைக்கு அடியில வெள்ளைத் தாளைப் பிடிச்சுத் தட்டினா, உதிர்ந்து ஓடும். ரெண்டு செடியிலயும் தட்டிப் பார்ப்போம், வா.”

“ஒண்ணும் பார்க்க வேண்டாம். நான் தினமும் துடைக்கிறேன். நீ ஒரு நாளாவது துடைச்சிருக்கியா?”

ஜென்சியின் முகம் சுருங்கிவிட்டது.

“தொட்டியை எடுத்துடு ஜென்சி. நமக்கு எதுக்கு வம்பு?” என்றார் செல்வமேரி.

ஜென்சி தொட்டியைத் தூக்கிச் சென்று மாடிப்படிக்குக் கீழே வைத்தாள். அந்தச் செடியில் முதன்முதலாக ஒரு மொட்டு விட்டிருந்தது. மே மாதம் மாதாவுக்கு வைப்பதற்காக அதை அவள் காத்து வந்தாள்.

“இங்க வெயிலே இல்லையேம்மா. மொட்டு விரியுமா?” என்று அவள் கேட்டது ஹம்ஸாவின் காதிலும் விழுந்தது.

மாலையில் ஹம்ஸா ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். துளசியைத் தட்டினாள். தாளில் மிளகாய்ப்பொடியைப் போல் சில துகள்கள் உதிர்ந்தன. சிறிது நேரத்தில் அவை நகரத் தொடங்கின. ஒன்றை விரலால் நசுக்கினாள். சிவப்பாக ஒரு கோடு விழுந்தது.

பிறகு மாடிப்படிக்குக் கீழே சென்று ரோஜாவைத் தட்டினாள். ஒரு கிளை, மறு கிளை, எல்லாவற்றிலும் வெறும் தூசு. வெளிறிய கிளையில் மட்டும் துகள்கள் ஓடின.

அந்தக் கிளை! போன வாரம், ‘பாவம், இதையும் துடைத்துவிடுவோம்’ என்று அவள் தன் துணியால் துடைத்த அதே கிளை.

மாடிக்கு ஏறி, கொடியில் கிடந்த அந்தப் பழைய துணியை எடுத்துத் தாளின்மேல் உதறினாள். துகள்கள் ஓடின.

துணியைக் குப்பையில் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. அவள் குப்பைத்தொட்டி வரைக்கும் போனாள். அங்கிருந்து பார்த்தால் மாடிப்படி தெரிந்தது. படியின் நிழலில் அந்த மொட்டு தலை சாய்ந்திருந்தது.

அவள் திரும்பி வந்து ஜென்சி வீட்டு மணியை அழுத்தினாள்.

“ஜென்சியைக் கூப்பிடவா?” என்று கேட்டார் செல்வமேரி.

“நீங்களும் இருங்க ஆன்ட்டி. காலையில உங்க முன்னாடிதானே சொன்னேன்.” ஹம்ஸாவின் தலை நிமிரவில்லை. “என் துளசியிலேர்ந்துதான் ரோஜாவுக்குப் போயிருக்கு. நான்தான் இந்தத் துணியால கொண்டு போயிருக்கேன். ஜென்சி பார்க்கலாம்னு சொன்னா, நான்தான் கேட்கலை.”

ஜென்சி துணியை இரண்டு விரல்களால் தூக்கிப் பார்த்தாள்.

“அடிப்பாவி! செம்பேனுக்கு நீ தினமும் பஸ் விட்டிருக்கியே!”

செல்வமேரி சிரித்துவிட்டார். ஹம்ஸாவால் சிரிக்க முடியவில்லை.

“முதல்ல தொட்டியை மேல கொண்டு போகலாம். நானே தூக்கறேன்” என்றாள்.

வெயில் தாழ்ந்ததும் வேலை தொடங்கியது. மோசமான இலைகளைக் கிள்ளிப் பையில் போட்டுக் கட்டினார்கள். ஹம்ஸா ரோஜாவின் இலைகளுக்கு அடியில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாள். ஜென்சி கொஞ்சம் சோப்புத் தண்ணீரில் வேப்பெண்ணெயைக் கலக்கினாள். ரோஜாவுக்குத் தெளித்து முடித்துத் துளசியின் பக்கம் வந்தபோது ஹம்ஸாவின் கை தயங்கியது.

“துளசிக்குப் போய் சோப்புத் தண்ணியா?”

“உங்க பெருமாளுக்கே திருமஞ்சனம் உண்டுன்னு நீதானே சொன்னே? துளசிக்கு மட்டும் குளியல் கிடையாதா?”

ஹம்ஸா துளசிக்கும் தெளித்தாள்.

முட்டைகள் பொரிந்து புதியவை வரும் என்பதால், சில நாள் இடைவெளியில் மீண்டும் மீண்டும் தெளித்தார்கள். அதுவரை ஹம்ஸாவின் அம்மா கடையில் துளசி வாங்கினார். அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதெல்லாம் ஹம்ஸா தலையைக் குனிந்துகொண்டாள்.

மே மாதத்தில் மொட்டு விரிந்தது. பூ சிறியதுதான், ஓரிதழ் சற்றே சுருங்கியும் இருந்தது. ஜென்சி அதைப் பறித்துக்கொண்டு மாதா கோயிலுக்குப் புறப்பட்டாள்.

“ஹம்ஸா, என் செடியெல்லாம் ஒரே தூசு. கொஞ்சம் துடைச்சு விடறியா?” என்று கண்ணைச் சிமிட்டினாள்.

ஹம்ஸா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“முதல்ல வெள்ளைத் தாளைக் கொண்டு வரேன்” என்றாள். அன்றுதான் அவளுக்கும் சிரிப்பு வந்தது.