இருபது நிமிட இருட்டு

கதிர்வீச்சை உமிழும் சின்ன உலோக வில்லை ஈயப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. பெட்டியோ அடுத்த அறையில். அப்படியிருக்க, இந்தத் தகடு எதற்காக மின்னுகிறது?

அவள் இருட்டறைக்குள் வந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் பிடிக்கும். நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் பட்டாலும் எல்லாம் முதலிலிருந்து. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ மோட்டார் முனகிக்கொண்டிருந்தது, ஸ்பிரிட் வாடை தொண்டையில் கசந்தது. துத்தநாக சல்ஃபைடு பூசிய அந்தக் கண்ணாடித் தகட்டில் கதிர் பட்டால்தான் பொறி பறக்கும். அதுவும் இரண்டு விரல் தூரத்துக்குள் இருந்தால்தான்.

வலது கையைப் பின்னால் இழுத்தாள். பொறிகள் அடங்கின. மறுபடி நீட்டினாள். கோட்டுக் கையின் நுனி நெருங்கியதும் பச்சைப் பச்சையாகக் கொட்டியது.

நேற்று வில்லையில் தூசி படிந்திருந்தது. துடைத்தால் மேற்பூச்சு உரிந்து கதிர்ப்பொருள் ஒட்டிக்கொள்ளும், தொடாதே என்று பெட்டி மேல் எழுதி ஒட்டியவளே இவள்தான். அவசரத்தில் இந்தக் கோட்டுக் கையால் ஒரு இழுப்பு இழுத்தாள். புத்தி எங்கே போச்சு, பாவி! மழையென்று கோட்டோடு வீட்டுக்கும் போனாள். ஒரு வயது மகள் அவள் மடியில் கிடந்து, அந்த நுனியைச் சப்பிக்கொண்டே தூங்கினாள்.

"அக்கா, முடிஞ்சுதா? லைட்டைப் போடவா?" என்றாள் கூட வேலை பார்ப்பவள், கதவுக்கு வெளியிலிருந்து.

கோட்டைக் கழற்றி எறிந்து, முழங்கைவரை தேய்த்துக் கழுவி, புதுத் தகடு ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

"பட்டப்பகல்ல எதுக்கு ஜன்னலெல்லாம் மூடுற? பைத்தியமா உனக்கு?" என்றான் கணவன்.

"இருபது நிமிஷம். உங்க கால்ல விழறேன், பேசாம இருங்க."

மடியில் குழந்தை. பால் வாடை. கடிகாரம். கணவன் செருமினான்.

தகட்டைப் பிஞ்சுக் கை அருகே கொண்டுபோனாள். இருட்டு.

கன்னம். இருட்டு. அப்பாடா, போன உயிர் திரும்பி வந்தது.

உதடு.

ஒரு பொறி. இரண்டு. ஐந்தாறு.

"ஐ, என்னது அது?" என்றான் கணவன், விளையாட்டாக.

குழந்தைக்கு ஒரே குஷி. தகட்டைப் பார்த்து ஆவென்று வாயைத் திறந்தது. தகடெங்கும் பச்சைப் பொறிகள் கொட்ட, அந்த வெளிச்சத்தில் அதன் நான்கு பால் பற்களும் தனித்தனியாகத் தெரிந்தன.